பிரிட்டனின் ஹோம் கார்டு: ஈட்டிப் படையா, நிஜப் படையா?

"இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனில் ஹோம் கார்டு என்று ஒரு தொண்டர் படை இருந்ததாமே, வயதானவர்கள் துடைப்பக்கட்டையும் ஈட்டியும் எடுத்துக்கொண்டு ஹிட்லரை எதிர்க்கக் கிளம்பினார்களாமே, அது நிஜமான படையா, இல்லை மக்களுக்குத் தைரியம் கொடுக்க நடத்திய காட்சியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி ஆயுதத்தைப் பற்றியது போலத் தெரிகிறது. ஆனால் அதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: ராணுவத்தில் இல்லாத லட்சக்கணக்கான ஆட்களிடம் ஒரு அரசு எதை நம்பித் துப்பாக்கியைக் கொடுத்தது, கொடுத்த பிறகு அவர்களை எப்படிக் கட்டுக்குள் வைத்திருந்தது? என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான கேள்வி. நான் கல்லூரியில் ஐரோப்பிய வரலாறு நடத்தியவன், கூடவே பல வருடம் என்.சி.சி. அதிகாரியாகவும் இருந்தவன். அதனால் இரண்டு பக்கத்திலிருந்தும் சொல்கிறேன்.

முதலில் ஆரம்பம். 1940 மே 10 அன்று ஜெர்மனி ஹாலந்துக்குள்ளும் பெல்ஜியத்துக்குள்ளும் புகுந்தது. ஹாலந்தில் பாராசூட் படையினர் வானத்திலிருந்து குதித்துப் பாலங்களையும் விமானத் தளங்களையும் பிடித்த செய்தி வந்ததும் பிரிட்டன் முழுக்கக் கிலி பிடித்தது. வேட்டைத் துப்பாக்கி வைத்திருந்த கிராமத்து ஆட்கள் யாரும் சொல்லாமலேயே கூட்டம் சேர்த்து ராத்திரிக் காவலுக்குப் போக ஆரம்பித்தார்கள். அரசுக்கு இப்போது பயம் இரண்டு. ஜெர்மானியர்கள் குதித்துவிடுவார்களோ என்பது ஒன்று, தன் மக்களே கட்டுப்பாடில்லாமல் ஆயுதக் கூட்டங்களாகத் திரண்டுவிடுவார்களோ என்பது இன்னொன்று. மே 14 இரவு ஒன்பது மணிச் செய்திக்குப் பிறகு போர்த்துறை அமைச்சர் ஆன்டனி ஈடன் வானொலியில் பேசினார். 17 முதல் 65 வயது வரை உள்ள ஆண்கள் சேரலாம், சம்பளம் கிடையாது, சீருடையும் ஆயுதமும் தரப்படும், பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனில் பெயர் கொடுங்கள் என்றார். பெயர் 'லோக்கல் டிஃபென்ஸ் வாலண்டியர்ஸ்'. 'ஹோம் கார்டு' என்ற பெயர் அந்த ஜூலையில் சர்ச்சில் பிடிவாதமாக நின்று மாற்றியது.

முதல் 24 மணி நேரத்திலேயே இரண்டரை லட்சம் பேர் பெயர் கொடுத்தார்கள் என்று பல இடங்களில் படிப்பீர்கள். அது ஒரு வாரத்துக்கான எண் என்று சொல்பவர்களும் உண்டு. அந்த முதல் நாட்களில் போலீஸ் ஸ்டேஷன்களில் போதுமான படிவம்கூட இல்லை, கணக்கை யார் எப்படி எடுத்தார்கள் என்பதே சந்தேகம்தான். அதனால் அந்த எண்ணை நான் அழுத்திச் சொல்ல மாட்டேன். கோடை முடிவதற்குள் பத்து லட்சத்தைத் தாண்டியது, உச்சத்தில் 17 லட்சத்துக்கும் மேல் இருந்தது என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை.

இனி சட்டம். இதைப் பலர் தாண்டிப் போய்விடுவார்கள், ஆனால் அமைப்பு முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது. சாதாரண உடையில் துப்பாக்கி ஏந்திய ஆளைப் பிடித்தால் போர்க்கைதியாக நடத்தத் தேவையில்லை, சுட்டுவிடலாம் என்பது ஜெர்மானியர்களின் நிலைப்பாடு. அவர்களுடைய வானொலியும் அதைச் சொல்லிப் பயமுறுத்தியது. 1907ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கை தொண்டர் படைகளுக்கு நான்கு நிபந்தனை வைத்திருந்தது: பொறுப்பேற்க ஒரு தலைவர் இருக்க வேண்டும், தூரத்திலிருந்தே தெரியும் அடையாளம் வேண்டும், ஆயுதத்தை வெளிப்படையாக ஏந்த வேண்டும், போர் விதிகளை மதிக்க வேண்டும். ஆரம்பத்தில் சீருடை இல்லாத நாட்களில் சட்டையின் கையில் 'எல்.டி.வி.' என்று அச்சடித்த துணிப்பட்டையைக் கட்டிக்கொண்டதற்குக் காரணம் இதுதான். அழைப்பு விடுத்த சில நாட்களிலேயே சட்ட விதிகளைப் போட்டு இவர்களை ஆயுதப் படையின் ஒரு பகுதி என்றும் அறிவித்துவிட்டார்கள். ஆனால் ஒரு வினோதமான வசதியும் இருந்தது: இரண்டு வாரம் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு யாரும் விலகிப் போகலாம். வேறு எந்தப் படைவீரனுக்கும் அந்த உரிமை கிடையாது.

அமைப்பு என்று பார்த்தால், அடிமட்டத்தில் ஒரு தெரு அல்லது ஒரு கிராமம் அளவுக்கு செக்‌ஷன், அதற்கு மேல் பிளட்டூன், கம்பெனி, பட்டாலியன். ராணுவத்தின் அதே ஏணிதான், அளவுகளில் மட்டும் ஒழுங்கு கிடையாது. நெருக்கமான ஊரில் ஒரு பட்டாலியன் வீங்கிக் கிடக்கும், மலைப்பக்கத்தில் அதே பட்டாலியன் மைல் கணக்கில் சிதறிக் கிடக்கும். மொத்தம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டாலியன்கள். ஒவ்வொன்றும் அந்தந்த மாவட்டத்தின் பழைய ரெஜிமெண்டோடு இணைக்கப்பட்டு, அதன் தொப்பிச் சின்னத்தையே அணிந்தது. ஊர்வாரியாக மட்டும் சேர்க்கவில்லை. ரயில்வேக்காரர்கள், தபால் துறை, லண்டன் பஸ் ஊழியர்கள், பெரிய தொழிற்சாலைகள் எல்லாம் தங்கள் இடத்தைக் காக்கத் தனித்தனி யூனிட் வைத்திருந்தார்கள். தேம்ஸ் நதிக்கென்று படகில் ரோந்து போன ஒரு பிரிவுகூட உண்டு. உடை, பூட்ஸ், கணக்கு வழக்கு எல்லாம் மாவட்டங்களில் ஏற்கெனவே இருந்த பிராந்திய ராணுவச் சங்கங்கள் மூலமாகப் போயின. உத்தரவு மட்டும் ராணுவத்திடமிருந்து வந்தது. ஆரம்பத்தில் பதவிப் பெயர்கள்கூடக் கிடையாது, 'பிளட்டூன் கமாண்டர்' என்பது வெறும் பொறுப்பின் பெயர். 1941 பிப்ரவரியில்தான் முறையான ராங்க் கொடுத்தார்கள். அப்போதும் ஹோம் கார்டு மேஜர், ராணுவ மேஜருக்குக் கீழே. நான் மேலே சொன்ன கட்டுப்பாடு இப்படித்தான் படிப்படியாக இறுகியது.

சரி, ஆயுதம். இங்கே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஹோம் கார்டிடம் என்ன ஆயுதம் இருந்தது என்று யாராவது கேட்டால், எந்த மாதம், எந்த வருடம் என்று திருப்பிக் கேட்க வேண்டும். 1940 ஜூனும் 1943 ஜூனும் இரண்டு வேறு உலகங்கள். நீங்கள் கேள்விப்பட்ட துடைப்பக்கட்டைக் கதையெல்லாம் முதல் சில மாதங்களுக்கு உரியது.

அந்த முதல் மாதங்களில் வறுமை நிஜமானதுதான். ஜெர்மானியர்களிடம் சிக்கிக்கொண்ட படைகளில், பிரான்ஸின் கடற்கரை ஊரான டன்கர்க்கிலிருந்து 3,38,000 பேரைப் படகேற்றிக் காப்பாற்றினார்கள், ஆனால் பிரிட்டிஷ் படை சுமார் 2,500 பீரங்கிகளையும் 60,000க்கும் மேற்பட்ட வாகனங்களையும் பிரான்ஸிலேயே போட்டுவிட்டு வந்தது. திரும்பி வந்த ராணுவத்துக்கே ஆயுதம் இல்லாதபோது கிராமத்துத் தொண்டனுக்கு எங்கே கிடைக்கும்? விவசாயிகளின் இரட்டைக் குழல் வேட்டைத் துப்பாக்கிகளைத் திரட்டி, அதற்குச் சிறு குண்டுகளுக்குப் பதில் ஒற்றை ஈயக் குண்டு வைத்த தோட்டாவைக் கொடுத்தார்கள். கனடாவிலிருந்து சுமார் 75,000 ராஸ் ரைபிள்கள் வந்தன. முதல் உலகப் போரில் சேறு பட்டால் சிக்கிக்கொள்கிறது என்று முன்னணியிலிருந்தே ஒதுக்கப்பட்ட ரகம் அது.

நிலைமையைப் புரட்டிப் போட்டது அமெரிக்கத் துப்பாக்கிகள். அமெரிக்கா அப்போது போரில் இல்லை, நேரடியாக விற்கச் சட்டச் சிக்கல். அதனால் ராணுவத்தின் உபரிச் சரக்கு என்று கணக்குக் காட்டி 1940 ஜூனில் யு.எஸ். ஸ்டீல் கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவுக்கு விற்று, அந்தக் கம்பெனி உடனே அதை பிரிட்டனுக்குக் கைமாற்றிவிட்டது. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ரைபிள்கள், பெரும்பாலும் 1917ஆம் ஆண்டு மாடல். இருபது வருடமாகக் கிடங்கில் கிடந்தவை, துரு பிடிக்காமல் இருக்கத் தடித்த கிரீஸில் முழுக்க முக்கி எடுத்தவை. அந்த கிரீஸை எடுப்பது எவ்வளவு வேலை என்று துப்பாக்கி துடைத்தவர்களுக்குத் தெரியும். சுட்டு முடித்த ஒரு .303 ரைபிளை, குழலுக்குள் துணியை இழுக்கும் கயிறான புல்த்ரூ போட்டு, துணியில் கறை வராத அளவுக்குச் சுத்தம் செய்யவே என் கேடட்கள் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். இவர்களுக்கோ போல்ட்டின் உள்ளே, மேகசினின் ஸ்பிரிங்கில், குழலின் வரித்தடங்களில் எல்லாம் மெழுகு போல உறைந்து கிடந்தது. கொதிநீரும் மண்ணெண்ணெயும் கந்தல் துணியுமாக நாள் கணக்கில் தேய்த்தார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் தோட்டா. பிரிட்டிஷ் ராணுவத்தின் தோட்டா .303, அடியில் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். அமெரிக்கத் தோட்டா .30, விளிம்பு வெளியே தெரியாது, நீளமும் அதிகம். ஒன்றை மற்றதில் போட முடியாது. ஆனால் துப்பாக்கிகளோ அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தன, ஏனென்றால் அந்த அமெரிக்க மாடல் .303க்காக வடிவமைத்த ஒரு பிரிட்டிஷ் ரைபிளையே கொஞ்சம் மாற்றிச் செய்தது. இருட்டில் அவசரத்தில் தோட்டா மாறிப்போனால் கையில் இருப்பது வெறும் தடி. அதற்காக அமெரிக்க ரைபிளின் முன்கட்டையைச் சுற்றிச் சிவப்புப் பட்டை அடித்தார்கள். பழைய படங்களில் கறுப்பு வெள்ளையிலும் அந்தப் பட்டை தெரியும். ஒரு துப்பாக்கிக்கு ஏறத்தாழ 50 தோட்டாதான் இருந்தது, அதிலும் பத்தை மட்டுமே கையில் கொடுக்கத் துணிந்தோம் என்று சர்ச்சிலே பின்னால் எழுதினார். பயிற்சியில் சுட்டுப் பழகவே வழியில்லை என்று இதற்கு அர்த்தம். அமெரிக்க ரைபிள்கள் வந்துசேர வந்துசேர, ஹோம் கார்டிடம் இருந்த .303களைத் திரும்ப வாங்கி ராணுவத்துக்குக் கொடுத்தார்கள். ஆயுத வரிசையில் இவர்கள் எந்த இடத்தில் இருந்தார்கள் என்பது இதிலேயே தெரிகிறது.

அப்புறம் ஈட்டி. கதையில்லை, நடந்தது. 1941 ஜூனில் சர்ச்சில், ஒவ்வொரு ஆளிடமும் ஏதாவது ஒரு ஆயுதம் இருந்தாக வேண்டும், கதாயுதமோ ஈட்டியோ ஆனாலும் சரி என்ற பொருளில் ஒரு கடிதம் எழுதினார். அவர் சொன்னது வேகத்தைக் காட்ட. போர் அலுவலகம் அதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டு, இரும்புக் குழாயின் நுனியில் துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தியான பழைய பயோனெட்டைப் பற்றவைத்து இரண்டரை லட்சம் ஈட்டிகளுக்கு ஆர்டர் போட்டது. வந்தபோது ஹோம் கார்டுகாரர்களுக்கு ஆத்திரம், பார்லிமெண்டில் சண்டை. மேலவையில் பதில் சொன்ன துணை அமைச்சர் கிராஃப்ட் பிரபுவின் பெயரே அந்த ஈட்டிக்கு நிலைத்துவிட்டது. பெரும்பாலானவை கிடங்கைவிட்டு வெளியே வரவில்லை. ஈட்டியோடு யாரும் ஜெர்மானியனை எதிர்க்கப் போகவும் இல்லை. இத்தனைக்கும் அந்த நேரத்தில் பெரும்பாலான ஆட்கள் கையில் ஏதோ ஒரு சுடும் ஆயுதம் வந்துவிட்டது. அதனால்தான் அந்த அவமானம் அவ்வளவு உறைத்தது.

டாங்கிகளை எதிர்க்கக் கொடுத்த ஆயுதங்கள் இன்னும் சுவாரசியமானவை. ராணுவம் விரும்பாதது, சீக்கிரம் செய்ய முடிந்தது, விலை குறைந்தது, இந்த மூன்றும் சேர்ந்தால் அது ஹோம் கார்டுக்கு வந்துவிடும். எழுபத்தாறாம் எண் கையெறி குண்டு என்பது அரை பைண்ட் கண்ணாடிப் பாட்டில். உள்ளே வெண் பாஸ்பரஸ், பென்சீன், கொஞ்சம் தண்ணீர், ஒரு துண்டு ரப்பர். உடைந்து காற்றுப் பட்டதுமே பற்றிக்கொள்ளும், ரப்பர் கரைந்திருப்பதால் டாங்கியின் மேல் ஒட்டிக்கொண்டு எரியும். சிவப்பு மூடி என்றால் கையால் எறிய, பச்சை மூடி என்றால் நார்த்தோவர் புரொஜெக்டரில் வைத்துச் சுட. நார்த்தோவர் என்பது கால் வைத்த ஒரு இரும்புக் குழாய், விலை பத்து பிரிட்டிஷ் பவுண்டுக்கும் கீழே. நூறு நூற்றைம்பது கஜத்துக்குள் அடித்தால்தான் பலன். சில சமயம் பாட்டில் குழாய்க்குள்ளேயே உடைந்து சுடுபவர்களையே எரித்தது. இந்தப் பாட்டில்களைப் பெட்டி பெட்டியாக ஓடைக்கரையிலும் தோட்டத்திலும் புதைத்து வைத்தார்கள். இன்றைக்கும் பிரிட்டனில் யாராவது பள்ளம் தோண்டும்போது கிடைத்து வெடிகுண்டு நிபுணர்களைக் கூப்பிடுகிறார்கள். 20 பவுண்டு எடையுள்ள குண்டை எறியும் பிளாக்கர் பம்பார்டு என்று ஒன்று. அதை நிறுத்த நடுவில் எஃகு முளை வைத்துக் கட்டிய வட்டமான கான்கிரீட் மேடைகள் ஆற்றுப் பாலங்கள் அருகே இப்போதும் நிற்கின்றன. ஸ்மித் கன் என்ற இரண்டு சக்கரச் சிறு பீரங்கியை அப்படியே பக்கவாட்டில் கவிழ்த்தால் ஒரு சக்கரம் அடித்தளமாகவும் மறு சக்கரம் தலைக்கு மேல் கேடயமாகவும் ஆகிவிடும். 1942க்குப் பிறகு ஸ்டென் கன் என்ற மலிவான தானியங்கித் துப்பாக்கி வர ஆரம்பித்ததும் நிலைமை ஓரளவு சீரானது.

என்ன வேலை செய்தார்கள் என்றால், பகல் முழுக்கச் சுரங்கத்திலோ பட்டறையிலோ வேலை, ராத்திரி பாலம், நீர்த்தேக்கம், டெலிபோன் எக்ஸ்சேஞ்ச், ரயில் சந்திப்பு என்று காவல். சாலையில் தடுப்பு வைத்து வண்டிகளை நிறுத்தி அடையாள அட்டை பார்ப்பது இதில் முக்கியமான வேலை, ஆபத்தான வேலையும்கூட. 1940 ஜூன் தொடக்கத்தில் ஒரே இரவில் வெவ்வேறு இடங்களில், நிற்காமல் போன வண்டிகளைச் சுட்டதில் சாதாரண ஜனங்கள் இறந்தார்கள். பயிற்சி இல்லாத ஆளிடம் தோட்டா போட்ட துப்பாக்கியும் மனதில் பயமும் இருந்தால் இது நடக்கும், எந்த நாட்டிலும் நடக்கும். செப்டம்பர் 7 அன்று, படையெடுப்பு எந்நேரமும் வரலாம் என்ற பொருளில் 'குரோம்வெல்' என்ற சங்கேதச் சொல்லை ராணுவத் தலைமை அனுப்பியது. அதைப் படையெடுப்பே வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு சில ஊர்களில் தேவாலய மணியை அடித்துவிட்டார்கள். அந்த மணிகளை ஜூன் முதல் அடிக்கக் கூடாது, எதிரி இறங்கினால் மட்டுமே அடிக்கலாம் என்று உத்தரவு. ராத்திரி முழுக்க ஆட்கள் தடுப்புகளில் காத்துக் கிடந்தார்கள். எதிரியை நேரில் பிடித்த சம்பவமும் உண்டு. 1941 மே 10 இரவு ஹிட்லரின் துணைத் தலைவர் ருடால்ஃப் ஹெஸ் ஸ்காட்லாந்தில் பாராசூட்டில் குதித்தபோது ஒரு பண்ணைத் தொழிலாளி முதலில் பார்த்தார், அப்புறம் அவரைக் காவலில் எடுத்தது உள்ளூர் ஹோம் கார்டு.

இனி துப்பாக்கியை யாருக்குக் கொடுக்கவில்லை என்பதையும் பாருங்கள். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட டாம் வின்ட்ரிங்ஹாம் 1940 ஜூலையில் லண்டன் அருகே ஆஸ்டர்லி பார்க்கில் ஒரு பயிற்சிப் பள்ளி நடத்தினார். பத்திரிகை முதலாளி எட்வர்ட் ஹல்டன் பணம் கொடுத்தார். டாங்கியை எப்படி மடக்குவது, தெருச் சண்டை எப்படி, ஒளிந்திருப்பது எப்படி என்று ஆயிரக்கணக்கானவர்கள் கற்றுக்கொண்டார்கள். ராணுவத்தின் அணிவகுப்புப் பயிற்சியைவிட இது பல மடங்கு உபயோகமானது என்பது என் கருத்து. சில மாதங்களிலேயே போர் அலுவலகம் பள்ளியைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டது. முன்னாள் கம்யூனிஸ்ட் என்பதால் வின்ட்ரிங்ஹாம் ஹோம் கார்டில் உறுப்பினராகவே முடியவில்லை. இத்தனைக்கும் ஸ்பெயினில் குண்டடி பட்ட இன்னொரு இடதுசாரியான ஜார்ஜ் ஆர்வெல் லண்டனில் சார்ஜெண்டாக இருந்தார். வட அயர்லாந்தில் கத்தோலிக்கர்கள் கைக்குத் துப்பாக்கி போய்விடுமோ என்று பயந்து, ராணுவத்துக்குப் பதில் போலீஸின் சிறப்புக் காவலர்களோடு இணைத்து வைத்தார்கள். பெண்களை 1943 ஏப்ரலில்தான் சேர்த்தார்கள், அதுவும் எழுத்து வேலை, சமையல், டெலிபோன், வண்டி ஓட்டுவது. ஒரு பிளாஸ்டிக் பேட்ஜ் உண்டு, சீருடையும் துப்பாக்கியும் கிடையாது. எம்.பி. எடித் சம்மர்ஸ்கில் இதற்காகத் திரும்பத் திரும்பச் சண்டை போட்டார். சாம்ராஜ்யத்தின் இந்தப் பக்கம் பார்த்தால், 1942 ஏப்ரலில் ஜப்பானியப் பயத்தில் மெட்ராஸை விட்டு ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறியபோது விமானத் தாக்குதல் முன்னெச்சரிக்கைப் பணியில் இருந்த நம் ஏ.ஆர்.பி. வார்டன்கள் கையில் இருந்தது ஹெல்மெட், விசில், மணல் வாளி. லண்டன் வார்டனிடமும் அவ்வளவுதான் இருந்தது, அது நியாயம். ஆனால் அங்கே பக்கத்து வீட்டுக்காரர் ரைபிளைத் தன் வீட்டிலேயே வைத்திருந்தார். இங்கே 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் அமலில் இருந்தது.

வயதானவர்களின் படை என்ற பிம்பமும் பாதிதான் சரி. முதல் உலகப் போர் கண்டவர்கள் ஏராளம், உண்மை. ஆனால் ராணுவத்துக்கு எடுக்காமல் தொழிலில் நிறுத்தி வைத்த இளைஞர்களும், அழைப்பு வரும்வரை காத்திருந்த பதினேழு பதினெட்டு வயதுப் பையன்களும் நிறையவே இருந்தார்கள். 1942 தொடக்கத்திலிருந்து கட்டாயமும் வந்தது: ஆள் குறைந்த பகுதிகளில் ஆண்களைச் சேர உத்தரவிடலாம், மாதம் 48 மணி நேரம் வரை பயிற்சிக்கு அழைக்கலாம், வராவிட்டால் அபராதமோ சிறையோ. இரண்டு வார முன்னறிவிப்பு வசதியும் அதோடு போயிற்று. விமான எதிர்ப்பு பீரங்கி, ராக்கெட் பேட்டரிகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹோம் கார்டுகள் வேலை செய்தார்கள். அங்கே நிஜமான எதிரி விமானத்தைப் பார்த்து நிஜமாகச் சுட்டார்கள். இதற்கெல்லாம் வெளியே, ஹோம் கார்டு என்ற போர்வையில் 'ஆக்சிலரி யூனிட்ஸ்' என்ற ரகசியக் குழுக்களும் இருந்தன. காட்டுக்குள் பூமிக்கடியில் பதுங்கிடம், சிறந்த ஆயுதம், வெடிமருந்து எல்லாம் முதலில் இவர்களுக்குத்தான் போயின. எதிரி ஊரைப் பிடித்த பிறகு பின்னாலிருந்து நாசவேலை செய்வது இவர்கள் பொறுப்பு. மனைவிக்குக்கூடச் சொல்லக் கூடாது.

காட்சிக்காக வைத்த படை என்றால் இதைப் படியுங்கள்: பணியில் இறந்தவர்கள் 1,206 பேர். 1940 அக்டோபரில் பர்மிங்ஹாமில் குண்டுவீச்சுக்குப் பிறகு விஷவாயு நிறைந்த நிலவறைக்குள் ஜார்ஜ் இன்வுட் என்ற செக்‌ஷன் கமாண்டர் திரும்பத் திரும்ப இறங்கி ஆட்களைத் தூக்கி வந்தார், கடைசியில் அவரே மயங்கி இறந்தார். 1942 செப்டம்பரில் வில்ட்ஷயரில் பயிற்சியின்போது எறிந்த கையெறி குண்டு தடுப்புச் சுவரில் பட்டுத் திரும்பி விழ, அறுபதைத் தாண்டிய லெஃப்டினன்ட் வில்லியம் ஃபாஸ்டர் தன் உடம்பை அதன் மேல் போட்டு மற்றவர்களைக் காப்பாற்றினார். இருவருக்கும் ஜார்ஜ் கிராஸ் என்ற உயர்ந்த வீரப் பதக்கம் கிடைத்தது. பயிற்சித் தளத்தில் தோட்டாக் கணக்குப் பார்த்து நின்றவன் என்ற முறையில், ஃபாஸ்டரின் கதையை நான் வகுப்பில் சொல்லாமல் விட்டதே இல்லை.

ஜெர்மானியர்கள் இறங்கியிருந்தால் தாக்குப் பிடித்திருப்பார்களா? இறங்கவில்லை, அதனால் யார் என்ன சொன்னாலும் ஊகம்தான். என் ஊகம் இது: 1940 செப்டம்பரில் ஒரு டாங்கிப் பிரிவை இவர்களால் நிறுத்தியிருக்க முடியாது. ஆனால் சிறு சிறு பாராசூட் கூட்டங்களை உடனே பார்த்துச் சொல்லவும், பாலத்தை இரண்டு மணி நேரம் தாமதப்படுத்தவும் முடிந்திருக்கும், அவர்களிடம் கேட்டதும் அதைத்தான். ஊகமில்லாமல் சொல்லக்கூடிய பலன் ஒன்று உண்டு. இரவுக் காவல் முழுக்க இவர்கள் தோளில் விழுந்ததால் ராணுவம் ஆயிரக்கணக்கான பாலங்களிலும் கிடங்குகளிலும் ஆளை நிறுத்தாமல் பயிற்சிக்கு அனுப்ப முடிந்தது.

1944 டிசம்பர் 3 அன்று பணியிலிருந்து விடுவித்தார்கள், முறையாகக் கலைத்தது 1945 டிசம்பர் 31. துப்பாக்கிகளை எண்ணித் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், சீருடையையும் பூட்ஸையும் வைத்துக்கொள்ள விட்டார்கள். மூன்று வருடம் சேவை செய்தவர்களுக்கு டிஃபென்ஸ் மெடல். கொரியப் போர் நேரத்தில், 1951இல், சட்டம் போட்டு இதே படையை மறுபடி எழுப்பப் பார்த்தார்கள். இந்த முறை ஆட்கள் வரிசையில் வந்து நிற்கவில்லை. 1957இல் அதையும் கலைத்துவிட்டார்கள்.